பழைய அம்பாசடர் இன்ஜினைப் பாதியில் கைவிடாமல் கட்டி முடிக்க: புதியவர்களுக்கான வழிகாட்டி

1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசடரை வைத்துக்கொண்டு, அதை வீட்டுக் கொட்டகையிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து முழுமையாகப் பிரித்துக் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடைய 1984 மார்க் 4 வண்டியின் இன்ஜினை நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நம்பிக் கோவையில் என் வீட்டில் இறக்கினேன். அது மறுபடி ஓட 22 மாதங்கள் ஆயின. பின்னர் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தபோது, உண்மையிலேயே கையில் ஸ்பானர் பிடித்த நாட்கள் 41 மட்டுமே இருந்தன. மிச்ச நாட்கள் காத்திருப்பிலும், கொட்டகைக் கதவைத் திறக்கவே மனமில்லாமல் தள்ளிப்போட்டதிலும் போயின.

அந்த 22 மாதங்களில் நான் நான்கு முறை வேலையை அடியோடு நிறுத்தியிருக்கிறேன். ஒருமுறைகூட வேலை கடினமாக இருந்ததால் நிறுத்தவில்லை. அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாதபோதும், பிறர் கையில் இருந்த ஒரு பொருளுக்காகக் காத்திருந்தபோதுமே நின்றுபோனேன். ஆகையால் ஒவ்வொரு படியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, அந்த இடத்தில் உங்கள் மனத்தைத் தளர்த்தப்போவது எது, அதற்கு முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன் ஆவணங்களைப் பாருங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் எவரோ பிளாக்கையே (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடலை) மாற்றியிருப்பது அரிதல்ல. அந்த விவரம், பணம் முழுவதையும் செலவழித்த பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால், அதன்பின் வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். இரண்டு எண்களின் மேலும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்து, புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கைக் கழுவக் கொடுக்கும்போது எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று பட்டறையில் தெளிவாகச் சொல்லுங்கள். பிளாக் மாற்ற வேண்டிய நிலை வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய பிளாக்கை வாங்குவதானால் விற்பவரின் ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் இல்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டாவதாக, பதிவு முடியும் தேதி. 15 ஆண்டு கடந்த சொந்த உபயோகக் காரின் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி ஓடும் நிலையில் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதியின்படி 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் கூடிக்கொண்டே போகும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. உங்கள் பதிவு இன்னும் எட்டு அல்லது பத்து மாதங்களில் முடிவதாக இருந்தால், வண்டி எப்படியாவது ஓடும் நிலையிலேயே புதுப்பித்துவிட்டு, அதன் பிறகு இன்ஜினை இறக்குங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பட்டறையில் கிடந்த காலத்தில் என் பதிவு காலாவதியானது. மாதந்தோறும் ஏறிய அபராதத்தை நினைக்கும்போதெல்லாம் வேலை செய்யும் ஆசை கூடவில்லை, குறையவே செய்தது.

உங்கள் வண்டி 50 ஆண்டு கடந்ததாக இருந்தால் 2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு முறையும் உண்டு. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது.

2. எவ்வளவு வேலை என்பதை இறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

பட்டறைகளில் ஹாஃப் இன்ஜின், ஃபுல் இன்ஜின் என்று இரண்டு வகையாகச் சொல்வார்கள். ஹெட்டை (பிளாக்கின் மேல் மூடியாக இருக்கும், வால்வுகள் உள்ள பகுதி) கழற்றி வால்வு வேலை பார்த்து, பிஸ்டன் ரிங் மாற்றுவதோடு நிறுத்துவது முதலாவது. கிராங்க் வரை எல்லாவற்றையும் பிரிப்பது இரண்டாவது. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலும் போரிலும் (சிலிண்டரின் உட்சுவரில்) இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது. சூடான இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அளவுக்கு வராமல் மிகக் கீழே நின்றால் பேரிங்குகளையும் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். இதைச் செய்யாமல் இறக்கியவர்கள்தாம் நடுவழியில், இத்தனையும் தேவைதானா என்ற சந்தேகத்தில் தவிக்கிறார்கள். உங்களிடம் எழுதி வைத்த அளவுகள் இருந்தால், எட்டாவது மாதத்தில் அந்தச் சந்தேகம் வரும்போது அவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

இங்கேயே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். இன்ஜின் இறங்கியதும் காலியான பானெட் அடிப்பகுதி கண்ணில் படும். கூடவே பெயின்ட் அடித்துவிடலாம், வயரிங்கையும் மாற்றிவிடலாம், டிங்கரிங் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். இன்ஜின் ஓடிய பிறகு பார்க்கலாம். நான் வயரிங்கைத் தொட்டதில் ஐந்து மாதம் போயிற்று, அந்த ஐந்து மாதத்தில் இன்ஜின் வேலை ஓர் அங்குலமும் நகரவில்லை.

3. இறக்குவதும் பிரிப்பதும்

துணைக்கருவிகளோடு சேர்ந்த இந்த இரும்பு இன்ஜின் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. செயின் பிளாக்கும், அதைத் தாங்கும் மூன்று கால் இரும்புச் சட்டமும் வாடகைக்கு எடுங்கள். கொட்டகையின் கூரைச் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள். உதவிக்கு இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம். போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் இருப்பதால் மில்லிமீட்டர் ஸ்பானர்கள் சரியாகப் பிடிக்காது. 7/16, 1/2, 9/16 அளவுகளில் நல்ல ரிங் ஸ்பானர்களையும் சாக்கெட்டுகளையும் முதலிலேயே வாங்குங்கள். தலை மழுங்கிய ஒரு போல்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கிவிடும், அன்றைய தோல்வி அடுத்த ஞாயிறு வரைக்கும் மனத்தில் கிடக்கும்.

பிரிப்பது விரைவாக நடக்கும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆபத்தும் அதில்தான் உள்ளது. இரண்டு நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாம். ஆறு மாதம் கழித்து அந்தக் குவியலின் முன் நிற்கும்போது எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்று நினைவிருக்காது. இந்தக் குழப்பம்தான் என்னை முதல்முறை நிறுத்தியது. எனவே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படமும் கழற்றிய பின் ஒரு படமும் எடுங்கள். அதன் போல்ட்டுகளை ஒரு ஜிப் பையில் போட்டு, எந்த இடம், எத்தனை, எந்த நீளம் என்று தாளில் எழுதி அதே பையில் வையுங்கள். பையின் மேல் எழுதிய மை எண்ணெய் பட்டு அழிந்துவிடும். வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகளையும் டாப்பெட்டுகளையும் அட்டைப்பெட்டியில் ஒன்று முதல் எட்டு வரை துளையிட்டு வரிசையாகச் செருகுங்கள். கனெக்டிங் ராடின் பெரிய முனை இந்த இன்ஜினில் சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி கேப், தனி இடம், தனி எண். மெயின் பேரிங் கேப்புகள் மூன்றும் அப்படியே. இவை ஒன்றோடொன்று மாறினால் கிராங்க் சரியாகச் சுழலாது.

கழற்றியவற்றைக் கண்ணில் படாத மூலையில் தள்ளாமல் ஒரே அலமாரியில் அடுக்குங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது எத்தனை மாதம் அங்கே இருக்கும் என்று உண்மையான கணக்கைச் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்குள் வண்டி ஓடும் என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். அந்தப் பொங்கலும் அதற்கடுத்த பொங்கலும் கடந்த பின், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லாமலே கொட்டகைப் பக்கம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. தேதி சொல்லாதீர்கள், எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

4. லேத் பட்டறை

பெரும்பாலானோர் வேலையைக் கைவிடும் இடம் இது. அதனால் இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும்.

பட்டறையில் நடக்க வேண்டியவை: பிளாக்கைக் கழுவி, போர் தேய்மானம் அளந்து, ரீபோர் செய்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து) ஹோனிங் போடுவது (உட்சுவரை நுண்மையாகத் தேய்ப்பது); கிராங்கை அளந்து கிரைண்டிங் செய்வது; ஹெட்டை மட்டம் பார்த்து, வால்வு சீட்டும் கைடும் சரிசெய்வது. இந்த இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 73.025 மி.மீ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் போகும். உங்கள் பிளாக் ஏற்கெனவே நாற்பதில் இருந்தால் ஸ்லீவ் (உள்ளே செருகும் புதிய உருளை) போட வேண்டியிருக்கும். செலவும் காலமும் கூடும்.

இங்கே மாற்றவே கூடாத வரிசை ஒன்று உண்டு. பிஸ்டன் செட் கையில் வந்த பிறகே பிளாக்கை ரீபோருக்குக் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் போர் போட வேண்டுமே தவிர, போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடக் கூடாது. கிராங்கும் அப்படியே. எந்த அண்டர்சைஸ் (அரைத்து மெலிந்த கிராங்குக்கு ஏற்ற) பேரிங் கடையில் இருக்கிறது என்று உறுதி செய்து, முடிந்தால் வாங்கியே வைத்துக்கொண்டு, அதன் பிறகு கிரைண்டிங்குக்கு அனுமதி கொடுங்கள். நான் முதலில் கொடுத்த பட்டறையில், இருபது போதும் என்று வாய்மொழியாகச் சொன்னது கவனத்தில் நிற்காமல் முப்பதுக்கு அரைத்துவிட்டார்கள். முப்பது அளவு பேரிங் கோவையில் எங்கும் கிடைக்கவில்லை. கொல்கத்தாவிலிருந்து வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்துக்குப் பின் நான் மூன்று மாதம் கொட்டகையைத் திறக்கவே இல்லை. வாய்மொழியாக எதையும் விடாதீர்கள். பாகத்தின் பெயர், இப்போதைய அளவு, வேண்டிய அளவு, கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பாகத்தோடு கட்டுங்கள், மற்றொன்றில் பட்டறைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள்.

லாரி, டிராக்டர் இன்ஜின்கள் வரிசையில் நிற்கும் பட்டறையில் ஒற்றை அம்பாசடர் பிளாக்குக்கு முன்னுரிமை கிடைக்காது. அவர்களுடைய பிழைப்பு அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் கொடுக்காதீர்கள். கொடுத்த பின் தினமும் தொலைபேசியில் கேட்பதைவிட, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் நேரில் போய்ப் பத்து நிமிடம் நின்று வருவது எனக்குப் பலித்தது. மூன்று வாரம் என்று சொன்னால் ஏழு வாரம் என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஏழு வாரங்களுக்கும் வேலை வைத்திருப்பது மிக முக்கியம். பிளாக்கைக் கொடுப்பதற்கு முன்பே, அது இல்லாமல் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்வது ஒரு ஞாயிறு. டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றி பாயிண்ட் மாற்றுவது ஒரு ஞாயிறு. டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும், தண்ணீர் பம்பு, ரேடியேட்டர் கழுவுதல், ராக்கர் கவருக்குப் பெயின்ட், எல்லா போல்ட்டுகளுக்கும் கம்பித் தூரிகை என்று இப்படிப் பத்து வேலைகளாவது தேறும். ஒவ்வொன்றும் ஒரே நாளில் தொடங்கி அன்றே முடியக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்த பாகத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அந்தத் தட்டு வாரத்துக்கு வாரம் நிரம்புவதைக் கண்ணால் பார்ப்பது, வேறு எந்த உபாயத்தையும்விட அதிகமாக என்னை மறுபடி மறுபடி கொட்டகைக்குள் கொண்டுவந்தது.

5. செலவு

2023, 2024ஆம் ஆண்டுகளில் எனக்கு ஆனதைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் மாறும். பிஸ்டன், ரிங், பின் சேர்ந்த செட் 8,200 ரூபாய். மெயின், பிக் எண்ட் பேரிங்குகள் 4,600. ரீபோரும் ஹோனிங்கும் 3,400, கிராங்க் கிரைண்டிங் 2,800, ஹெட் வேலை வால்வுகளோடு 6,500. கேஸ்கெட் செட் 1,900, டைமிங் செயினும் டாப்பெட்டுகளும் 4,300, ஆயில் பம்ப் 2,400. ஸ்பானர், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி), வாடகை, கழுவும் டீசல், போக்குவரத்து என்று உதிரியாகப் போனது 14,000க்கு மேல். இந்தக் கடைசித் தொகையைத்தான் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தம் ஏறக்குறைய 48,000 ரூபாய்.

தொகை முழுவதும் கையில் சேரும்வரை தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிஸ்டன், பேரிங், பட்டறைக் கூலி ஆகிய மூன்றுக்குமான பணம் தனியே இல்லாமல் இன்ஜினை இறக்காதீர்கள். பணமில்லாமல் நிற்கும் மாதங்களில் திறந்து கிடக்கும் போரில் துரு ஏறும், அந்தத் துரு செலவைக் கூட்டும். கழற்றிய இரும்புப் பரப்புகளில் எல்லாம் அன்றே கெட்டியாக ஆயில் பூசி மூடி வையுங்கள்.

பாகங்களுக்கு உள்ளூர்க் கடைகளை முதலில் கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும், கோவையில் உக்கடமும், அங்கும் கிடைக்காவிட்டால் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் உள்ளன. பழைய பாகத்தின் படத்தையும் அளவையும் அனுப்பிக் கேளுங்கள். அம்பாசடருக்கு என்று மட்டும் கேட்டால் டீசல் இன்ஜினின் பாகமோ பிந்தைய இசுசு இன்ஜினின் பாகமோ வந்து சேரும்.

6. வார ஒழுங்கு

ஒரு நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள். களைத்த கை ஸ்டட்டை முறித்துவிடும். கடைசிக் கால் மணி நேரத்தைக் கருவிகளைத் துடைத்து அடுக்கவும், குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதவும் ஒதுக்குங்கள். முதல் வரியில் இன்று முடிந்தது; இரண்டாம் வரியில் அடுத்த முறை வந்ததும் முதலில் தொட வேண்டிய பாகமும் அதற்கு வேண்டிய ஸ்பானர் அளவும். இந்த இரண்டாவது வரியை எழுதத் தொடங்கிய பிறகு நான் ஒருமுறைகூட வேலையை மாதக்கணக்கில் நிறுத்தவில்லை.

அம்பாசடரில் ஊறிய முதிய மெக்கானிக் ஒருவரை, அளவெடுக்கும் நாளுக்கும் கிராங்க் பூட்டும் நாளுக்குமாவது கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகளையே முப்பது ஆண்டு பார்த்தவர் ஒருவர் வந்தார். நான் இரண்டு வாரம் குழம்பிய பேரிங் இடைவெளியை அவர் பத்து நிமிடத்தில் விளக்கினார்.

7. பூட்டுவது

பிளாக் திரும்பி வந்ததும் உடனே பூட்டத் தோன்றும். அதற்கு முன் ஆயில் செல்லும் துளைகளை நீண்ட தூரிகையாலும் காற்றாலும் நீங்களே மறுபடி சுத்தம் செய்யுங்கள். பட்டறையில் கழுவியது போதாது. ஹோனிங் தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் புதிய பேரிங் தேய்ந்துவிடும்.

மெயின் கேப்புகளுக்கு 70, பிக் எண்டுக்கு 35, ஹெட் நட்டுகளுக்கு 40 பவுண்டு அடி என்ற கணக்கில் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கேப்பை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். டைமிங் சக்கரங்களின் புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். வால்வு இடைவெளி 0.015 அங்குலம். அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள், இரண்டாவது திறந்திருக்கும்போது ஏழாவதை, இப்படி இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது வரும்.

இந்தக் கட்டம் மனத்துக்கு இதமானது. ஆகவே அவசரம் வரும். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வையுங்கள்.

8. முதல் ஸ்டார்ட்

முதல் முயற்சியில் இன்ஜின் பிடிக்காமல் போகலாம் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உறவினரையும் நண்பர்களையும் அன்றைக்கு அழைக்காதீர்கள். என் இன்ஜின் முதல் நாள் பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டரை 180 டிகிரி திருப்பிப் பூட்டியிருந்தேன், இந்தத் தவற்றைப் புதியவர்கள் மிகப் பரவலாகச் செய்கிறார்கள். அன்று மாலை வண்டியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்தேன். மறுநாள் காலையில் அரை மணி நேரத்தில் கோளாறு தீர்ந்தது. பிடிக்காத நாளில் அன்றைக்கே எதையும் முடிவு செய்யாமல், பெட்ரோல், ஸ்பார்க், ஃபயரிங் வரிசை 1-3-4-2, டைமிங் என்று நான்கையும் தாளில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பம்புக்குள் ஆயில் ஏறியிருக்க வேண்டும். பூட்டும்போதே பம்பில் வாசலின் நிரப்புவது பழைய வழக்கம். பின்னர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தமானி அசையும்வரை ஹாண்டிலால் சுற்றுங்கள். கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டுகளும் புதியவை என்றால், பிடித்த உடனே சுழற்சியை நிமிடத்துக்கு 2000 அளவுக்கு ஏற்றி இருபது நிமிடம் அப்படியே ஓட விடுங்கள்.

அடுத்த நாள் தரையில் இரண்டு சொட்டு ஆயில் கிடக்கும். கிராங்கின் பின்முனையில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பிவிடும் திருகுப் பள்ளம் மட்டுமே உண்டு. ஆகவே சிறு கசிவு இயல்பு. அதைக் கண்டு இன்ஜினை மறுபடி இறக்க நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

முதல் 500 கிலோமீட்டர் வரை 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், ஏற்றத்தில் இன்ஜினைத் திணறவிடாமல் ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியை மீண்டும் பார்த்துவிடுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால், புதுப்பிக்கும் முன் வண்டியைப் பொதுச் சாலையில் இறக்காமல், வளாகத்துக்குள் ஓட்டிப் பார்த்த கையோடு படிவம் 25ஐ நிரப்பி, இன்சூரன்சும் புகைச் சான்றும் எடுத்து, ஆய்வுக்கு நாள் கேளுங்கள். பென்சில் பிரிண்ட் தாள்களை அன்றைக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள்.